ஒன்னு எடுத்துக்கவா?

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் கோபப்பட மாட்டார். "சரி லா, எழுதிட்டே, இனிமே என்னா செய்றது" என்பார். அந்தச் "சரி லா"வைக் கேட்பதைவிட பெயரை விட்டுவிடுவது எனக்குச் சுலபம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மலேசியாவில், ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மீதிப் பேருக்கு அவர் "படம் பிடிக்கிற டெலிபோன் அக்கா".

எழுபதுகளின் பின்பாதி அது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தா எஸ்டேட்டிலிருந்து, லாரிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்காக நான் ஈப்போவுக்கு வந்திருந்தேன். புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்த அக்கா, கூட இருக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவரை வேறு யாரோ ஒருவரோடு இணைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கருவியின் வளைவு அழுத்திய பள்ளம் அவர் தலைமுடியில் குறுக்கே ஒரு வகிடுபோலக் கிடக்கும்.

"ஆறு நாளும் குரல்தான் லா. ஒரு மூஞ்சியக் கூட பாக்க முடியாது. ஞாயித்துக்கிழமையாவது மூஞ்சியப் பாப்போமே" என்பார்.

ஞாயிறு காலை பசியாறிவிட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். இங்கிலாந்துக்குப் போன ஒரு நர்சிடமிருந்து வாங்கிய பழைய கேமரா. முன்னால் இரண்டு கண் வைத்த பெட்டி. மேல்மூடியைத் திறந்து, குனிந்து, உள்ளே தெரியும் கண்ணாடியில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். கறுப்பு வெள்ளைதான். கலர் என்றால் வெளியூருக்கு அனுப்பிக் கழுவி வர இரண்டு வாரம் ஆகும். கறுப்பு வெள்ளையை டவுனில் படக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தன் கடைக்குப் பின்னாலேயே கழுவி, புதன்கிழமை கையில் கொடுத்துவிடுவார். அடுத்த ஞாயிறு நடக்கும்போது, போன வாரம் எடுத்தவர்களுக்கு அவரவர் படத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அக்காவின் வழக்கம். எதற்கும் ஒரு காசு வாங்க மாட்டார். எந்தப் படத்தை எந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்பதைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்: "நீலக் கதவு, குழாய்க்கு எதிரே", "நாய் வீடு, இரண்டாவது தம்பி".

நான் பாசாருக்கு மீன் வாங்கப் போகும் சாக்கில் அவரோடு நடப்பேன். அவர் நடையில் போனால் பாசாரில் நல்ல மீனெல்லாம் தீர்ந்திருக்கும். காரணம், அவர் எதைக் கண்டாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். "ஒன்னு எடுத்துக்கவா?" என்று தமிழில் கேட்பார், மலாய்க்காரரிடம் மலாயில், சீனரிடம் அவர்கள் பாஷையில். வேண்டாம் என்றால், "சரி லா" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மழையைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ பேசிக்கொண்டு நின்றுவிட்டுப் போவார். ஆளில்லாத கொடியில் காயும் துணியைக்கூட, யாருடைய துணி என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்.

ஒருமுறை குழாயடியில் ஒரு குழந்தை சோப்பு நுரையோடு, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. நான் சிரித்துவிட்டேன். அக்கா கேமரா மூடியைத் திறக்காமல், "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுக்கொண்டே நாலு வீடு போனார். தாயைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள், குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி, யாரோ தூக்கி வைத்திருந்தார்கள்.

"போச்சு" என்றேன் நான். "கேட்ட உடனே எல்லாரும் ஓடிப்போயி தலை சீவிக்கிறாங்க, விறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கேக்காம எடுத்தா எவ்ளோ நல்லா இருக்கும்க்கா."

"நல்லா இருக்கும் லா" என்று ஒப்புக்கொண்டார். "யாருக்கு?"

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பவுடர் பூசிய குழந்தையை எடுத்தார்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, பால்மாடு வைத்திருந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவருடைய சிவப்புப் பசுவை எடுத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டதும், "இருங்க அக்கா, இப்படியேவா எடுக்கறது?" என்று பசுவைக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கூட்டி வர ஒன்றரை மணி நேரம். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அக்கா குனிந்து பார்க்கும் நேரத்தில் பசு திரும்பிக்கொண்டது. அந்தப் படத்தில் வாலும் பின்பக்கமும்தான் இருந்தன. அண்ணன் அதையும் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இந்தக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவராகவே சொன்னார். டெலிபோன் ஆபீசில் சேர்ந்த புதிதில், இணைப்புக் கொடுத்தபிறகும் ஒரு சாவியை அழுத்தினால் பேசுவது கேட்குமாம். கேட்கக்கூடாது என்பது விதி. அவர் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருக்கிறார். யாரோ ஓர் ஆண், வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறப் போவதாகத் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். குரலையும் பேசிய விவரத்தையும் வைத்து, அது தனக்குத் தெரிந்த குடும்பம் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அவன் மனைவியைப் பாசாரில் பார்த்தாராம். கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டு, இவரைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. சொல்லல. அவன் போயிட்டான்" என்றார் அக்கா. "அவ குடுக்காதத நான் எடுத்துக்கிட்டேன். அது இன்னும் எங்கிட்டயே கிடக்கு."

இப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை கேட்காமல் விட்டார்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் வீடுகள் நிறைய. கடலையும் பட்டாணியும் வறுபடும் வாசனை காலையிலேயே தெருவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு வீட்டின் பின்கட்டில் வேலை செய்தவளை இங்கே சரோஜா என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தாறு வயதிருக்கும். ஐந்து வயது மகள் அம்முவோடு எட்டு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவள். புருஷன் செத்துவிட்டான் என்று சொல்லியிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். அக்கா கேட்டபோது, கையிலிருந்த சல்லடையைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துக்குங்க" என்றாள். சூடான பட்டாணியை அவள் சலிக்க, ஆவி மேலே எழ, பின்னால் அம்மு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற படம் அது. எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சரோஜாவுக்கு அவள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. அடுத்த புதன்கிழமை அக்கா டவுனுக்குப் போனபோது, தவுக்கே அதே படத்தைப் பெரிதாகப் போட்டுத் தன் கடைக் கண்ணாடிக்குள், கல்யாணப் படங்களுக்கு நடுவில் வைத்திருந்தார். அக்காவைக் கேட்கவில்லை. அக்காவும் கழற்றச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு, "டவுன் பக்கம் போனீன்னா அந்தக் கடைய ஒரு பார்வை பாத்துட்டு வா லா" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அந்த வாரத்தில் அவரே இரண்டு தடவை அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை நாங்கள் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஓர் ஆள் நின்றான். தேய்த்த வெள்ளைச் சட்டை. படிய வாரிய தலை. கையில் ஒரு பிஸ்கட் டின்.

"ஆயர் தாவார்லேர்ந்து வாரேன் அக்கா" என்றான். "ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரப் பாக்க வந்தப்போ டவுன்ல ஒரு படக் கடையில என் பொண்டாட்டி புள்ள படத்தப் பாத்தேன். தவுக்கேயக் கேட்டேன். புந்தோங்ல இருக்கிற டெலிபோன் ஆபீஸ் அம்மா எடுத்ததுன்னு சொன்னாரு. என் புள்ளையப் பாத்து ஒரு வருசமாச்சு அக்கா." சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சரோஜா விதவை இல்லை என்பது அந்த நிமிடம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார். என்னிடம், "தம்பிக்குக் கோப்பி கலந்து குடு" என்றார். பிறகு அவனிடம், "நான் போயி அவளக் கேட்டுட்டு வாரேன்" என்றார்.

"என்னாத்தக் கேக்கப் போறீங்க?"

"உங்களப் பாக்கலாமான்னு."

அவன் குரல் மாறியது. "என் பொண்டாட்டிய நான் பாக்கறதுக்கு அவளையே கேக்கணுமா? வீட்டக் காட்டுங்க, போதும்."

"கேட்டுட்டு வாரேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, அக்கா சமையலறை வழியாகப் பின்பக்கம் போய்விட்டார். முன்வாசல் வழியாகப் போனால் எந்தத் திசை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

நான் அவனோடு தனியாக இருந்தேன். மேசைமேல் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் வீட்டு அடையாளம். கச்சாங் பூத்தே வீட்டுக்காரியின் படமும் அதில் உண்டு. அதன் பின்னால் "சரோஜா வேலை செய்யும் வீடு" என்று எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கோப்பியை வைக்கிற சாக்கில் படங்களை வாரி நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கோப்பியை அவன் தொடவில்லை. அக்காவின் கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுலதானே எடுத்தா?" என்றான். கேமராவின் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சுருளை இழுத்தான். அது முழங்கைவரை சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. கொஞ்சமும் அவசரம் இல்லை. வாசலில் கண் கலங்கிய அதே ஆள்தான். நான் படங்களை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் சரோஜா ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

அக்கா திரும்பி வந்தார். தரையில் கிடந்த பிலிமைப் பார்த்தார்.

"கேட்டேன்" என்றார். "வேணாம்னுட்டா."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அக்கா நகரவில்லை. நான் எப்படியோ ஜன்னலுக்கு ஓடி, "அண்ணே!" என்று கத்தினேன். மாட்டுக்கார அண்ணன் கையில் புல்லரிவாளோடு அப்படியே வந்து வாசலில் நின்றார். "என்னா அக்கா, யாரு இது?" என்று மட்டும்தான் கேட்டார். அவன் பிஸ்கட் டின்னை மறக்காமல் எடுத்துக்கொண்டான். "புந்தோங் என்னா பெரிய ஊரா? நானே தேடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மதியத்துக்குள் சரோஜாவை ஊரைவிட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. அக்காவோடு வேலை பார்த்த ஒருத்தியின் தங்கை தைப்பிங் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா ஒரு பையில் இரண்டு பேர் துணியையும் அம்முவின் செருப்பையும் அடைத்துக்கொண்டாள். நாங்கள் அவளை பஸ்சில் ஏற்றினோம். பஸ் புறப்படுமுன் அவள் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தாள். கோபமாக அல்ல, தனக்கே புரியவைப்பதுபோலச் சொன்னாள்:

"எடுக்கறதுக்கு சரின்னு சொன்னேன்க்கா. கடையில வைக்கிறதுக்கு நான் சொல்லலையே."

பஸ் நகர்ந்தபிறகும் அக்கா அதன் பின்னாலேயே நாலடி நடந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் தவுக்கேயிடம் போய்ப் படத்தைக் கழற்றி வாங்கினார். இவ்வளவு அழகான படத்தைப் போய் எடுக்கச் சொல்கிறாயே என்று தவுக்கே மலாயில் புலம்பினார். நடந்ததை அக்கா சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அடுத்த ஞாயிறு கேமரா இல்லாமல் நடந்தோம். வெளிச்சம் பட்டுப் பாழான சுருளில் ஆறு பேருடைய படங்கள் இருந்தன. ஆறு வீட்டுக்கும் போய், படம் கெட்டுப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். ஆறு வீட்டிலும், அதற்கென்ன, இப்போது எடுங்கள் என்றார்கள். இப்போது கேமரா இல்லை என்றார்.

நாலு மாதம் கேமரா துணிப்பெட்டிக்குள் கிடந்தது. இனி எடுக்க மாட்டார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிறு எதுவும் சொல்லாமல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கேள்வி இரண்டாயிற்று. "ஒன்னு எடுத்துக்கவா?" என்பதற்கு அடுத்து, "வேற யாருக்கும் காட்டலாமா, இல்ல நீங்க மட்டும் வச்சுக்கறீங்களா?" ஜனங்கள் சிரித்தார்கள். "ஊருக்கே காட்டுங்க அக்கா" என்றார் மாட்டுக்கார அண்ணன். அக்கா சிரிக்காமல் பின்னால் பென்சிலால் குறித்துக்கொண்டார். சரோஜாவின் பெரிய படம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் சரோஜாவிடமிருந்து தகவல் இல்லை. நாமாகத் தேடிப் போனால் அவன் பின்னாலேயே வரலாம் என்று அக்கா போகவில்லை. எண்பதில்தான் என்று நினைக்கிறேன், ஒரு கடிதம் வந்தது. வாருங்கள் என்று எழுதியிருந்தாள். போனோம். சரோஜா சதை போட்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கான வரிசை வீட்டு லயத்தில் ஓர் அறை. மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்:

"எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு இங்கயும் வந்தான்க்கா. ஆஸ்பத்திரி கேட்ல நின்னான். நானே போயி வேணாம்னு சொன்னேன். எனக்குப் பின்னால துணி வெளுக்கற பொம்பளைங்க எட்டுப் பேரு நின்னாங்க. போயிட்டான். ஆறு மாசமாச்சு, திரும்ப வரல."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உன் வாயாலயே சொன்னியா?" என்றார்.

"ஆமாங்கா. முன்னாடி நீங்க போயி சொன்னீங்க. இந்தத் தடவ நான்."

இதற்குள் அம்மு அக்காவின் பையைக் கிளறிக் கேமராவைக் கண்டுபிடித்திருந்தாள். ஏழு வயது. தான் எடுக்க வேண்டும் என்றாள். அக்கா கேமராவை அவள் கழுத்தில் மாட்டி, எதைச் சுற்ற வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அவ்வளவுதான். அம்மு லயத்தில் ஓடினாள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய மலாய்க்கார அத்தெண்டர், தலை காயவைத்த இரண்டு நர்சுகள், கோழி உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் என்று கண்ணில் பட்ட ஆளையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தள்ளினாள். பின்னாலேயே அக்கா, செருப்பு ஒரு காலில் கழன்று போக, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சின்னப் புள்ள, எடுத்துருச்சு, கோவிச்சுக்காதீங்க, படத்தக் கொண்டாந்து குடுத்துடறேன்" என்று கெஞ்சிக்கொண்டு ஓடினார். அத்தெண்டரை எழுப்பி மன்னிப்புக் கேட்டார். நான் சிரித்துச் சிரித்து லயத்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். பதினொரு படம் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாவதற்கு அம்மு வீட்டுக்குள் ஓடி வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சரோஜா ஈரக் கையை நீட்டி, "வேணாம் அம்மு, அம்மாவ வேணாம்!" என்பதற்குள் அழுத்திவிட்டாள்.

பஸ்சில் திரும்பும்போது அக்கா பதினொரு வீட்டு அடையாளத்தையும் ஒரு தாளில் எழுதினார். "அடுத்த வாரமே வரணும் லா" என்றார். பன்னிரண்டாவதை எழுதவில்லை.

தவுக்கேயிடம் சொல்லி, பன்னிரண்டாவதைப் பிரிண்ட் போடாமல், பிலிமை மட்டும் வெட்டி ஓர் உறையில் போட்டு வாங்கினார். தானும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு தைப்பிங்கில் நல்ல மழை. பதினொரு வீட்டுக்கும் குடைக்குள் நடந்து படத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சரோஜாவிடம் உறையை நீட்டினார்.

"இது உன்னோடது. வேணாம்னா கிழிச்சுப் போட்டுரு. வேற எங்கயும் இல்ல, இது ஒன்னுதான்."

சரோஜா பிலிமை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பிலிமில் எல்லாம் தலைகீழ் நிறமல்லவா. முகம் கறுப்பு, தலைமுடி வெள்ளை, நீட்டிய கை கரிக்கட்டைபோல. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அம்முவைக் கூப்பிட்டுக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலிமை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதக் கழுவிக் குடுங்கக்கா" என்றாள். "பெருசாப் போட்டுக் குடுங்க."